போன்ல எரியட்டும்: எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஐடிஐ மாணவர்களுக்கு ஆப் எங்க உதவுது, எங்க கைவிடுது

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி. எல்இடிக்குத் தேவை சுமார் 2 வோல்ட், 20 மில்லிஆம்ப் கரண்ட். மிச்சம் 7 வோல்ட்டை வேற யாராவது வாங்கிக்கணும். அதுக்குத்தான் ரெசிஸ்டர். 7-ஐ 0.02-ஆல வகுத்தா 350 ஓம். கடையில 350 கிடைக்காது, 330 இல்லன்னா 390 கிடைக்கும். கொஞ்சம் பாதுகாப்பா இருக்கட்டும்னு 470 போடுவாங்க. கரண்ட் 15 மில்லிஆம்ப் கிட்ட வரும், வெளிச்சத்துல பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்தக் கணக்கு ப்ளஸ் டூ பிசிக்ஸ் படிச்ச எல்லாருக்கும் வரும். ஆனா ரெசிஸ்டர் இல்லாம நேரா மாட்டினா என்ன ஆகும்னு எத்தனை பேர் பண்ணிப் பாத்திருப்போம்? லேப்ல நாம அதிகம் கேட்ட வார்த்தை, "தொடாதே, எரிஞ்சிடும்." மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு எல்இடி சில ரூபாய்தான். ஆனா ஒரு லேப்ல இருக்கிற மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப், பவர் சப்ளை எல்லாம் அப்படி இல்ல. அதனால எரியுற வாய்ப்பு இருக்கிற எதையும் மாணவன் கையில குடுக்க யாருக்கும் தைரியம் வராது. எரிச்சுப் பாக்காம எலக்ட்ரானிக்ஸ் வருமா? அங்கதான் போன் உள்ள வருது.

இன்னைக்கு எபிசோடோட கேள்வி: தொழிற்கல்வி படிக்கிற பசங்களுக்கு, அதாவது ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு, மொபைல் ஆப் வெச்சு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் குடுக்க முடியுமா? முடியும்னா எந்த அளவுக்கு?

நம்ம ஏரியாவுலேயே இருக்கிற கதை

அடையார்லேர்ந்து கிண்டி, தரமணி பக்கம் ஒரு ரவுண்டு அடிச்சா தொழிற்கல்வியோட ஒரு முழு உலகமே இருக்கு. நம்மள்ல பல பேர் ஐடி கம்பெனிக்குப் போற வழியில தினமும் அதைத் தாண்டிப் போறோம். தரமணி சிஐடி கேம்பஸ்ல சென்ட்ரல் பாலிடெக்னிக், பெண்களுக்கான டாக்டர் தர்மாம்பாள் அரசு பாலிடெக்னிக். அதே தரமணியில பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கே பயிற்சி குடுக்கிற என்ஐடிடிடிஆர், 1964-லேர்ந்து இருக்கு. கிண்டியில அரசு ஐடிஐ. தி. நகர் வெங்கடநாராயணா ரோட்ல தக்கர் பாபா வித்யாலயா, அங்கயும் தொழிற்பயிற்சி உண்டு.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு இடம் கிண்டி தொழிற்பேட்டையில இருக்கு: நேஷனல் இன்ஸ்ட்ரக்ஷனல் மீடியா இன்ஸ்டிடியூட், சுருக்கமா நிமி. 1986-ல மத்திய அரசு, ஜெர்மனியோட உதவியில ஆரம்பிச்சது. 1999-ல தன்னாட்சி நிறுவனமா ஆச்சு. இந்தியா முழுக்க ஐடிஐகள்ல படிக்கிற பசங்களுக்கான புத்தகங்கள் இங்கதான் தயாராகுது. டிரேட் தியரி, டிரேட் பிராக்டிக்கல்னு பிரிச்சு, தமிழ் உட்பட பல மொழிகள்ல வருது. எங்கேயோ பீகார்ல ஒரு பையன் டிரான்சிஸ்டரைப் பத்திப் படிக்கிற பக்கம் நம்ம கிண்டியில எழுதினது. 2019-ல மத்திய அரசு பாரத் ஸ்கில்ஸ்னு ஒரு தளம் கொண்டு வந்து, இந்தப் புத்தகங்கள், கேள்வி வங்கி, வீடியோ எல்லாத்தையும் ஒரே இடத்துல இலவசமா போட்டாங்க.

ஆக, பாடம் போனுக்கு ஏற்கெனவே வந்தாச்சு. ஆனா கவனிங்க, இதெல்லாம் படிக்கிறது, பாக்கிறது, மாதிரித் தேர்வு எழுதுறது. சர்க்யூட்டைத் தொட்டு மாத்திப் பாக்கிற விஷயம் இதுல அடங்காது. அது வேற வகை ஆப்.

பெஞ்சு நேரம்ங்கிற பிரச்சினை

ஐடிஐ-ல எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்னு ஒரு டிரேட் இருக்கு. பத்தாவது பாஸ் பண்ணவங்க சேரலாம், ரெண்டு வருஷம். ஒரு யூனிட்டுக்கு 24 பேர். சால்டரிங்ல ஆரம்பிச்சு ரெக்டிஃபையர், ஆம்ப்ளிஃபையர், டிஜிட்டல் சர்க்யூட், எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைன்னு நீளமான பட்டியல்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ஒரு பேச்சுக்கு, லேப்ல நல்லா வேலை செய்யிற ஆசிலோஸ்கோப் ஆறு இருக்குன்னு வெச்சுக்குவோம். 24 பேர், ஆறு மெஷின், ஒரு மெஷினுக்கு நாலு பேர். ரெண்டு மணி நேர பிராக்டிக்கல்ல ஒருத்தர் கையில அது இருக்கிறது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துல சர்க்யூட்டைப் புரிஞ்சுக்கணும், கட்டணும், தப்பைக் கண்டுபிடிக்கணும், ரீடிங் எடுக்கணும், ரெக்கார்டுல எழுதணும். நடைமுறையில நாலு பேர்ல ஒருத்தன் பண்ணுவான், மூணு பேர் பாப்பாங்க. அந்த ஒருத்தனும் பெரும்பாலும் ஏற்கெனவே வீட்ல ரேடியோவைக் கழட்டிப் பழகினவனா இருப்பான்.

தமிழ்நாட்டுல எலக்ட்ரானிக்ஸ் வேலை நிறைய இருக்கு. 2023-24-ல தமிழ்நாட்டோட எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 956 கோடி டாலர், இந்தியாவுல முதல் இடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் மாதிரி தொழிற்சாலைகள் ஐடிஐ, டிப்ளமா படிச்சவங்களை எடுக்குறாங்க. ஆனா அசெம்பிளி லைன்ல ஒரே ஸ்க்ரூவைத் திருப்புற ஆபரேட்டருக்கும், நின்னு போன போர்டை எடுத்து எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கிற டெக்னீஷியனுக்கும் சம்பளத்துல, மரியாதையில, பத்து வருஷம் கழிச்சு எங்க இருப்பாங்கங்கிறதுல பெரிய இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியைத் தாண்ட வைக்கிறது கோளாறு கண்டுபிடிக்கிற திறமை. அது பெஞ்சுல நின்ன நேரத்துலதான் வரும். அந்த நேரம்தான் பத்தல.

நான் சொல்ல வர்றது இதுதான்: ஆப் பெஞ்சோட வேலையைப் பண்ணாது. ஆனா பெஞ்சுக்கு வர்ற பையனை ஏற்கெனவே நூறு தடவை தப்பு பண்ணிட்டு வந்தவனா மாத்த முடியும்.

ஆப்களை நாலா பிரிச்சுக்கலாம்

ப்ளே ஸ்டோர்ல எலக்ட்ரானிக்ஸ்னு தேடினா நூத்துக்கணக்குல வரும். ஆனா எல்லாம் ஒண்ணு இல்ல.

முதல் வகை, பாடமும் குவிஸும். இதைப் பத்திப் பாத்தாச்சு.

ரெண்டாவது, கால்குலேட்டர். ரெசிஸ்டர் கலரைத் தட்டினா மதிப்பு சொல்லும். எலக்ட்ரோட்ராய்டு இதுல பழைய, பேர் பெற்ற ஆப். வேலை தெரிஞ்சவங்களுக்கு ரொம்ப உபயோகம். கத்துக்கிறவங்களுக்கு ஒரு ஆபத்து இருக்கு: பிரவுன், பிளாக், ரெட்னு கண்ணுலேயே படிக்கிற பழக்கம் வராமலே போயிடும். ரிப்பேர் கடையில நூறு ரெசிஸ்டருக்கு நூறு தடவை போனை எடுக்க முடியாது.

மூணாவது, சிமுலேட்டர். இங்கதான் விஷயமே இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் சிமுலேஷன்கள் இதுல பிரபலம். போஸ்-ஐன்ஸ்டீன் கண்டன்சேட்டுக்காக 2001-ல நோபல் வாங்கின கார்ல் வீமன் 2002-ல ஆரம்பிச்சது. அதுல சர்க்யூட் கட்டுற சிமுலேஷன்ல பேட்டரி, பல்பு, வயர் எல்லாத்தையும் விரலால இழுத்து மாட்டலாம். ஷார்ட் பண்ணா தீப்பிடிக்கிற மாதிரி காட்டும். முக்கியமா, வயருக்குள்ள எலக்ட்ரான் நகர்றதைக் கண்ணால பாக்கலாம். இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழ்லயும் இருக்கு, ஒரே ஃபைலா டவுன்லோட் பண்ணி நெட் இல்லாமலும் ஓட்டலாம்.

அடுத்தது ஃபால்ஸ்டட் சிமுலேட்டர். பால் ஃபால்ஸ்டட்னு ஒரு புரோகிராமர் எழுதினது, பிரவுசர்லேயே ஓடும். பாசிட்டிவ் வோல்ட்டேஜ் பச்சையா, நெகட்டிவ் சிவப்பா, கரண்ட் ஓடுற புள்ளிகளா தெரியும். போனுக்குன்னே செஞ்ச எவ்ரிசர்க்யூட்டும் இதே மாதிரி: சர்க்யூட் ஓடிட்டு இருக்கும்போதே ரெசிஸ்டர் மதிப்பைத் திருகலாம், அலை உடனே மாறும். டின்கர்கேட்ல நிஜ பிரெட்போர்டு மாதிரியே படம் இருக்கும். கரண்ட் அதிகமானா எல்இடி மேல வெடிச்ச மாதிரி ஒரு குறி வரும்.

நாலாவது வகை, போனையே அளக்கிற கருவியா மாத்துறது. அதுக்குக் கடைசியில வர்றேன்.

உள்ள என்ன நடக்குது?

நான் தொழில்ல சாஃப்ட்வேர் ஆளு, அதனால இதைச் சொல்லாம நகர முடியாது. சிமுலேட்டர் ஒரு வீடியோ இல்ல. நீங்க வரையிற ஒவ்வொரு இணைப்புப் புள்ளிக்கும் ஒரு சமன்பாடு எழுதுது. ஒரு புள்ளிக்குள்ள வர்ற கரண்ட்டும் வெளிய போற கரண்ட்டும் சமம்ங்கிற கிர்க்காஃப் விதிதான் அடிப்படை. பத்து புள்ளி இருந்தா பத்து சமன்பாடு. அதை ஒரு மேட்ரிக்ஸா வெச்சுத் தீர்த்து, காலத்துல ஒரு துளி முன்னாடி நகர்ந்து, மறுபடி தீர்க்குது. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை.

இந்த முறைக்கு வழி போட்டது ஸ்பைஸ்ங்கிற புரோகிராம். 1973-ல கலிஃபோர்னியாவுல, பெர்க்லி பல்கலைக்கழகத்துல, டொனால்ட் பெடர்சன் வழிகாட்டுதல்ல லாரன்ஸ் நேகல் எழுதினது. அன்னைக்கு அதை ஓட்ட ஒரு அறை அளவு கம்ப்யூட்டர் வேணும். இன்னைக்கு பஸ்ல நின்னுக்கிட்டே சாதாரண ஆண்ட்ராய்டு போன்ல ஓட்டலாம்.

இதுலேர்ந்து ஒரு முக்கியமான உண்மை வருது. சிமுலேட்டருக்கு நீங்க வரைஞ்ச சர்க்யூட் மட்டும்தான் தெரியும். சால்டர் சரியா ஒட்டாதது, பிரெட்போர்டு கிளிப் தளர்ந்து போனது, பேட்டரி பாதி செத்துப் போனது, இதெல்லாம் அதோட உலகத்துல கிடையாது, நீங்களா வெச்சாத்தான் உண்டு. சில சிமுலேட்டர்ல எல்இடி எரிஞ்சும் போகாது. நடக்கவே முடியாத அளவு பெரிய கரண்ட்டை மட்டும் அமைதியா எழுதிக் காட்டும். அந்த எண்ணைப் பாத்து "ஐயோ"ன்னு சொல்லத் தெரியணும். அது ஆப் சொல்லிக் குடுக்காது, வாத்தியார்தான் சொல்லிக் குடுக்கணும்.

உண்மையிலேயே வேலை செய்யுதா?

இதைப் பத்தி ஆராய்ச்சி இருக்கு, முடிவு கொஞ்சம் ஆச்சரியமானது. 2005-ல கொலராடோவுல நோவா ஃபிங்கல்ஸ்டைனும் அவரோட குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நான் சொன்ன ஃபெட் வெளிவர்ற அதே பல்கலைக்கழகம், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. பிசிக்ஸ் மாணவர்கள்ல ஒரு பகுதிக்கு நிஜ பல்பு, வயர், பேட்டரி. இன்னொரு பகுதிக்கு ஃபெட் சிமுலேஷன் மட்டும். அப்புறம் எல்லாருக்கும் நிஜப் பொருட்களைக் குடுத்து ஒரு சர்க்யூட் கட்டி, அது எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கச் சொன்னாங்க. சிமுலேஷன்ல பழகினவங்க, கருத்துக் கேள்விகள்ல மட்டும் இல்ல, நிஜ சர்க்யூட் கட்டி விளக்குறதுலயும் நல்லா பண்ணாங்க.

ஏன்? பல்புக்கு முன்னாடி கரண்ட் அதிகம், பல்பு அதைச் சாப்பிட்டுடும், பின்னாடி கம்மியா வரும்னு நிறைய பேர் மனசுல ஒரு படம் இருக்கு. பாதி இன்ஜினியர்களுக்கும் இருக்கும். நிஜ வயரை எவ்வளவு நேரம் உத்துப் பாத்தாலும் அந்தப் படம் மாறாது, ஏன்னா வயருக்குள்ள எதுவும் தெரியாது. சிமுலேஷன்ல பல்புக்கு முன்னாடியும் பின்னாடியும் புள்ளிகள் ஒரே வேகத்துல ஓடுறதைப் பாத்த உடனே தப்பு புரிஞ்சிடும். கரண்ட் எங்கயும் செலவாகல, எனர்ஜிதான் பல்புல இறங்குது.

2007-ல சைப்ரஸ்ல சகரியாஸ் சகரியான்னு ஒரு ஆராய்ச்சியாளரும் மின்சுற்றுகளை வெச்சு ஆய்வு பண்ணாரு. நிஜம் மட்டும் பயன்படுத்தினவங்களை விட, நிஜத்தையும் சிமுலேஷனையும் கலந்து பயன்படுத்தினவங்களுக்குப் புரிதல் நல்லா இருந்தது.

ஆனா இதை அப்படியே தூக்கிட்டு வந்து ஐடிஐ-ல வைக்கக் கூடாது. அந்த ஆய்வுகள் அளந்தது புரிதலை. சால்டரிங் அயர்னை எவ்வளவு நேரம் வைக்கணும்னு யாரும் அளக்கல. ஐடிஐ-ல ரெண்டும் வேணும்.

கைக்கு மட்டும் தெரிஞ்ச விஷயங்கள்

60-க்கு 40 விகிதத்துல டின்னும் ஈயமும் கலந்த சாதாரண சால்டர் 183 டிகிரியில இளக ஆரம்பிச்சு 190 கிட்ட முழுசா உருகும். புத்தகம் இதைச் சொல்லும். ஆனா ஒரு ஜாயின்ட் நல்லா பிடிச்சிருக்கா, டிரை சால்டரான்னு பாத்த உடனே சொல்றது கண்ணுக்கும் கைக்கும் வர்ற பழக்கம். போர்டு சூடானா வர்ற வாசனை, டிரான்ஸ்ஃபார்மர் போடுற ரீங்காரம், ஐசி மேல விரல் வெச்சா சுடுறது, இதெல்லாம் கண்ணாடித் திரைக்குள்ள வராது.

மல்டிமீட்டரையே எடுத்துக்கோங்க. கரண்ட் அளந்துட்டு, சிவப்பு வயரை அதே ஆம்பியர் துளையில விட்டுட்டு, அடுத்து வோல்ட்டேஜ் அளக்கப் போனா என்ன ஆகும்? மீட்டர் கிட்டத்தட்ட வெறும் வயர் மாதிரி ஆகி பேட்டரியை ஷார்ட் பண்ணிடும், உள்ள ஃபியூஸ் போயிடும். சிமுலேட்டர்ல மீட்டரை இழுத்து வெச்சா போதும், துளை மாத்துற வேலையே இல்ல. அதனால இந்தத் தப்பை நிஜ மீட்டர்ல, வாத்தியார் பக்கத்துல இருக்கும்போதுதான் கத்துக்கணும்.

ஐடியல் பேட்டரிங்கிற விஷயமும் இப்படித்தான். நம்ம வீட்ல தண்ணி மோட்டார் போட்டா ஒரு செகண்ட் லைட் மங்கும், பாத்திருப்பீங்க. சப்ளைக்கும் வயருக்கும் ஒரு உள் தடை இருக்கு, மோட்டார் கிளம்பும்போது நிறைய கரண்ட் இழுக்குது, அந்தத் தடையில கொஞ்சம் வோல்ட்டேஜ் விழுந்துடுது. சிமுலேட்டர்ல சாதாரணமா இது நடக்காது, ரெண்டாவது பல்பு மாட்டினா முதல் பல்பு துளியும் மங்காது. ஆனா ஃபெட்ல அட்வான்ஸ்டு பகுதியில பேட்டரியோட உள் தடையை ஏத்துற ஸ்லைடர் ஒண்ணு இருக்கு. அதை ஏத்திட்டு ரெண்டாவது பல்பு மாட்டுங்க, மைலாப்பூர் ஃப்ளாட்டோ அடையார் ஃப்ளாட்டோ, உங்க வீட்டு மோட்டார் ஸ்க்ரீன்ல வந்துடும். நல்ல வாத்தியார் அந்த ஸ்லைடர்லேர்ந்துதான் பாடத்தை ஆரம்பிப்பாரு.

சொல்லு, தொடு, விளக்கு

ஆப்பைக் குடுத்துட்டா மட்டும் போதுமா? போதாது. பசங்க ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் தீப்பிடிக்க வெச்சுச் சிரிச்சுட்டு இன்ஸ்டாவுக்குப் போயிடுவாங்க. நாமளும் அதைத்தான் பண்ணுவோம்.

1992-ல ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன்னு ரெண்டு பேர் ஒரு புத்தகத்துல எழுதின எளிமையான முறை இருக்கு. முதல்ல என்ன ஆகும்னு கணிக்கச் சொல்லணும். அப்புறம் பாக்கணும். கடைசியில கணிப்புக்கும் நடந்ததுக்கும் ஏன் வித்தியாசம்னு விளக்கணும். நம்ம ஊர் பாஷையில: சொல்லு, தொடு, விளக்கு.

"470 ஓமை 1 கிலோ ஓமா மாத்தினா எல்இடி என்ன ஆகும்? நோட்ல எழுது. எழுதின பிறகுதான் போனைத் தொடணும்." இவ்வளவுதான். எழுதினவனுக்குத்தான் தப்பானா உறைக்கும். எழுதாம தொட்டவனுக்கு எது நடந்தாலும் "ஆமா, இதானே நினைச்சேன்"னு தோணும்.

கோளாறு விளையாட்டு

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. சர்க்யூட் கட்டுறதை விட, கெட்டுப் போன சர்க்யூட்டைக் கண்டுபிடிக்கத்தான் ஆப்பைப் பயன்படுத்தணும்னு நினைக்கிறேன்.

ஒரு உதாரணம். 12 வோல்ட் சப்ளை, அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அப்புறம் எல்இடி, கடைசியில கிரவுண்ட். நல்லா வேலை செஞ்சா எல்இடியில 2 வோல்ட், மிச்சம் 10 வோல்ட் ரெசிஸ்டர்ல, கரண்ட் 10 மில்லிஆம்ப். அதாவது ரெசிஸ்டருக்கு முன்னாடி 12, பின்னாடி 2.

இப்ப எல்இடி எரியல. ரெசிஸ்டருக்கு முன்னாடி அளக்கிறோம், 12 வோல்ட். பின்னாடி அளக்கிறோம், அங்கயும் 12. ரெசிஸ்டர் போயிடுச்சுன்னு பலர் சொல்லுவாங்க. தப்பு. கரண்ட் ஓடலன்னா ரெசிஸ்டர்ல வோல்ட்டேஜ் விழாது, அதனாலதான் ரெண்டு பக்கமும் 12. வழி அதுக்கு அப்புறம் எங்கேயோ அறுந்திருக்கு: எல்இடி ஓபன், இல்ல கிரவுண்ட் வயர் விட்டுப் போச்சு.

இன்னொரு நாள் முன்னாடி 12, பின்னாடி பூஜ்யம். இப்ப சந்தேகம் ரெண்டு பேர் மேல: ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், இல்ல எல்இடி ஷார்ட் ஆகியிருக்கலாம். சப்ளையை ஆஃப் பண்ணி, ரெசிஸ்டரோட ஒரு காலைக் கழட்டி ஓம் அளந்தா தெரிஞ்சிடும். 1 கிலோ ஓம் காட்டினா ரெசிஸ்டர் நல்லவன், குற்றவாளி எல்இடி.

முன்னாடியே பூஜ்யம்னா ஸ்விட்ச், சப்ளை பக்கம் போகணும்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின வாசனையா இருக்கும். பைனரி சர்ச். எந்த கமிட்ல உடைஞ்சதுன்னு தேடும்போது நடுவுல போய்ப் பாக்கிறோம்ல, அதேதான். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்லயும் பாதியா பிரிச்சுத் தேடுறது பழைய பழக்கம். எட்டு ஸ்டேஜ் இருக்கிற ஆம்ப்ளிஃபையர்ல முதல்லேர்ந்து ஒவ்வொண்ணா அளக்க வேணாம், நடுவுல ஒண்ணு அளந்தா பாதியைக் கழிச்சிடலாம். மூணே அளவுல இடம் தெரிஞ்சிடும்.

இதை விளையாட்டா நடத்த ஒரே ஒரு போன் போதும். வாத்தியார் தன் போன்ல கோளாறோட சர்க்யூட்டை வெச்சுக்கணும். போர்டுல வரைபடம். 24 பேரும் ஆறு குழு. "சார், பி பாயின்ட்ல எவ்வளவு?"ன்னு கேட்டா அவர் போன்ல பாத்துச் சொல்லணும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பாயின்ட் கழியும். கம்மி கேள்வியில கண்டுபிடிச்ச குழு ஜெயிக்கும். ஃபால்ஸ்டட்ல முழு சர்க்யூட்டையும் ஒரு லிங்க்கா மாத்தி வாட்ஸ்அப்ல அனுப்பலாம், ஒரு பகுதியைப் பெட்டிக்குள்ள மறைச்சு கால்களை மட்டும் வெளிய விடவும் வழி இருக்கு. வீட்டுப் பாடமா குடுக்கலாம். டிரை சால்டரைக் காட்டணும்னா நடுவுல ஒரு 10 மெகா ஓம் ரெசிஸ்டரை ஒளிச்சு வைங்க, அவ்வளவுதான்.

ஒரு வாரம் இப்படி விளையாடினவன் நிஜ பெஞ்சுக்கு வரும்போது, அந்த அரை மணி நேரத்துல "எங்க அளக்கணும்"னு யோசிக்க மாட்டான். புரோபை எடுத்து நேரா வெப்பான். மிச்ச நேரம் முழுக்க கைக்குக் கிடைக்கும்.

ஒரு பொருள், மூணு பேர்

மொழி விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. தமிழ்ப் புத்தகத்துல மின்தேக்கின்னு இருக்கும். ஆப்ல கெப்பாசிட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய்க் கேட்டாலும் சரி, ஃபேன் மெக்கானிக் கிட்ட கேட்டாலும் சரி, "கண்டென்சர்". மூணும் ஒண்ணுதான்னு தெரியாத பையன், பாடம் வேற, கடை வேறன்னு நினைச்சுடுவான்.

ஐஐடி பாம்பேயில கண்ணன் மௌத்கல்யா ஆரம்பிச்ச ஸ்போக்கன் டுடோரியல் இதுல நல்ல வேலை பண்ணியிருக்கு. திரையில காட்டுறதை மாத்தாம, குரலை மட்டும் தமிழ் உட்பட இந்திய மொழிகள்ல மாத்தியிருக்காங்க. பாதி திரையில வீடியோ, மறு பாதியில நீங்களே பண்ணிப் பாக்கணும், இதுதான் அவங்க முறை. ஐடிஐ வாத்தியார்களும் இதையே பண்ணலாம்: ஆப் ஆங்கிலத்துல இருந்தா இருக்கட்டும், விளக்கம் தமிழ்ல, மூணு பேரையும் சேர்த்துச் சொல்லிடணும்.

போனே கருவி ஆனா

கடைசியா அந்த நாலாவது வகை. இப்பவே ஒண்ணு பண்ணிப் பாருங்க. டிவி ரிமோட்டை எடுத்து, போனோட செல்ஃபி கேமரா முன்னாடி நீட்டி பட்டனை அமுக்குங்க. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் எல்இடி, ஸ்க்ரீன்ல வெள்ளையாவோ ஊதாவாவோ மின்னும். மின்னலன்னா பேட்டரியோ எல்இடியோ போச்சு. ரிமோட் ரிப்பேருக்கு இதை விட மலிவான டெஸ்டர் கிடையாது. அதே கேமராவை ஜூம் பண்ணா சால்டர் ஜாயின்ட்ல விரிசல் இருக்கான்னு பாக்கலாம், குட்டி எஸ்எம்டி ரெசிஸ்டர் மேல இருக்கிற எண்ணைப் படிக்கலாம்.

இதுக்கு அடுத்த படி எக்ஸ்பைஸ். டெல்லியில இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர்ல பி.பி. அஜித் குமார் முன்னெடுத்த ஃபீனிக்ஸ் திட்டத்துல பிறந்த ஒரு சின்ன பெட்டி. யூஎஸ்பி வழியா போன்லயோ கம்ப்யூட்டர்லயோ மாட்டினா அந்தத் திரையே ஆசிலோஸ்கோப். 2017-ல வந்த மாடல்ல ரெண்டு உள்ளீடுகள் பிளஸ், மைனஸ் 16 வோல்ட் வரைக்கும் அளக்கும், சைன் அலையும் உருவாக்கிக் குடுக்கும். டிசைன் முழுக்கத் திறந்த மூலம். அந்த வழியிலேயே ஃபோஸ்ஏசியா அமைப்போட பிஎஸ்லேப் கருவியும் ஆண்ட்ராய்டு ஆப்போட வந்தது. ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது: 230 வோல்ட் மெயின்ஸ்ல இதை நேரா மாட்டவே கூடாது. போன் மட்டும் இல்ல, ஆளும் போயிடுவான்.

இந்த வகை ஆப்லதான் சிமுலேஷனும் நிஜமும் கை குலுக்குது. காலையில ஃபால்ஸ்டட்ல பார்த்த ரெக்டிஃபையர் அலையை, மதியம் நிஜ டையோடுல, அதே போன் திரையில பாக்கலாம். ரெண்டும் கொஞ்சம் மாறி வரும். ஏன் மாறி வருதுன்னு கேட்கிற இடத்துலேர்ந்துதான் ஒருத்தன் டெக்னீஷியனா ஆரம்பிக்கிறான்.

நீங்க என்ன பண்ணலாம்?

கேட்கிற உங்கள்ல பல பேர் ஐடியில, ஸ்டார்ட்அப்ல இருப்பீங்க. ஐடிஐ நமக்குச் சம்பந்தமில்லாத உலகம்னு தோணலாம். ஆனா உங்க ஏசி, இன்வெர்ட்டர், லிஃப்ட், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாத்தையும் நாளைக்குப் பாக்கப் போறது இவங்கதான்.

வீட்ல டிராயர்ல தூங்குற பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தா, அதுல ஃபெட் ஃபைலை ஏத்தினா நெட் இல்லாமலே ஒரு லேப் ரெடி. தெரிஞ்ச பையனோ பொண்ணோ ஐடிஐ, பாலிடெக்னிக் படிச்சா, இந்த வாரம் ஒரே ஒரு கோளாறு சர்க்யூட் லிங்க் அனுப்புங்க. விடையைச் சொல்லாதீங்க. "எங்க முதல்ல அளப்பே, ஏன்?"னு மட்டும் கேளுங்க.

ஐடிஐ-ல சொல்லிக் குடுக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, அந்த 24 பேர் விளையாட்டை ஒரு தடவை நடத்திப் பாத்துட்டு எப்படிப் போச்சுன்னு எழுதுங்க. அதை வெச்சே இன்னொரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பாக்கலாம்.